ரந்தாவில் நான் அடைத்த கான்கள்

மலேசியாவில் நான் பட்ட முதல் வெட்கம் ரயிலில். அது சின்ன வெட்கம், சொல்லிச் சிரிக்கலாம். கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் போகும் ரயிலில் ஒரு பெட்டி கூட்டமில்லாமல் வந்து நின்றது. அடித்தது யோகம் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சுற்றிலும் பெண்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வேட்டியைப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று மீசையை வேறு நீவிவிட்டுக்கொண்டேன். இரண்டு நிலையம் தாண்டியதும், முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் எழுந்து வந்து, ஜன்னலுக்கு மேல் ஒட்டியிருந்த ரோஸ் நிறப் படத்தைச் சிரித்த முகத்தோடு காட்டினார். பாவாடை கட்டிய பொம்மைப் படம். அது பெண்கள் பெட்டியாம். அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. அதே பெண் அதை எடுத்து வெளியே போட்டார்.

சிரம்பானில் என் தங்கை பாக்கியம் காத்திருந்தாள். "ரயில்ல சௌகரியமா வந்தியாண்ணே?" என்றாள். "ரொம்ப சௌகரியம்" என்றேன். இந்தப் பயணத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் பொய் அது.

என்னை வரவழைத்தவள் அவள்தான். அவள் மகன் சரவணன் லாரி கம்பெனியில் மேற்பார்வை வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டு, மனைவி கவிதாவோடு ரந்தாவ் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்து ஓரமாக ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, நூற்று ஐம்பது பப்பாளி நட்டிருந்தான். பிறந்தது முதல் சிரம்பானில் அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள் இருவரும். இந்தப் பப்பாளி காய்த்தால் நிலத்தில் இருப்போம், காய்க்காவிட்டால் பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பாக்கியத்துக்கு அவன் திரும்பி வந்தால் சந்தோஷம்தான். ஆனாலும் பெற்ற மனசு கேட்கவில்லை. "அண்ணே, வெள்ளாமைன்னா என்னன்னு நம்ம குடும்பத்துல உனக்குத்தான் தெரியும். ரெண்டு வாரம் வந்து இருந்து சொல்லிக் குடு" என்று போனில் கேட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் நாற்பது வருஷம் பருத்தியும் மிளகாயும் மல்லியும் போட்டவன் நான். முட்டி தேய்ந்து, நிலத்தை வாரத்துக்கு விட்ட பிறகு என்னிடம் யோசனை கேட்க ஒருத்தரும் வருவதில்லை. இப்போது கடல் தாண்டிக் கூப்பிடுகிறார்கள். பப்பாளி மட்டும் நான் பயிர் செய்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு மரம் நின்றது, பாதியைக் காக்கை தின்றது. அதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை சரவணன் என்னை வேனில் ரந்தாவுக்குக் கூட்டிப் போனான். வழிநெடுக செம்பனை. எண்ணெய் எடுக்கிற பனையாம், நம் பனையைப் போல ஓங்கி நிற்காமல் குட்டையாய், குண்டாய் நிற்கிறது. ரந்தாவில் ஒரு கொட்டகைக் கடையில் நிறுத்தினான். கடைக்கார அம்மா என் வேட்டியைப் பார்த்ததும், "ஊர்லேருந்து வந்தவங்களா? பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு, பரோட்டாவுக்குத் தம்பி மாதிரி ஒரு ரொட்டியைப் பருப்புக் குழம்போடு வைத்தார். ரொட்டி சானாய் என்றான் சரவணன். டீயை நம் ஊரில் ஆற்றுவதைவிட உயரமாக ஆற்றுகிறார்கள். நான் மூன்று ரொட்டி சாப்பிட்டேன். சாப்பிடும்போதே கடையில் இருந்தவர்களுக்குக் கரிசல் மண்ணின் குணத்தைப் பற்றிச் சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இன்னும் சரியாக விடியாத நேரத்தில், "பெரட்டுக்குப் போகணும் மாமா" என்று எழுப்பினாள் கவிதா. பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலை தொடங்கும் முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. தோட்டம் கைமாறி, ஆட்கள் எல்லாம் டவுனுக்குப் போய்ப் பெரட்டு நின்று பல வருஷம் ஆகிறது. அதை இப்போது வேறு காரியத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். சரவணன் மாதிரி டவுனிலிருந்து நிலத்துக்கு வந்த பத்துப் பன்னிரண்டு பேர், பழைய பூப்பந்துத் திடலில் ஒரு வரிசையாக நிற்கிறார்கள். எதிரே, தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஆறேழு பேர். நடுவில் முனியாண்டி மண்டோர், கையில் ஒரு நோட்டு. மண்டோர் என்றால் வேலை வாங்குகிற மேஸ்திரி. வயது எழுபத்தைந்துக்கு மேல். குரல் மட்டும் இருபத்தைந்து.

"தேவகி!"

"வந்தேங்க, மண்டோர்."

"என்னா செத்துச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா அமைதியாகச் சொன்னார்: "நாலு கத்திரிங்க. உரத்தைத் தண்டுலயே கொட்டிட்டேன்."

அதுதான் அங்கே வழக்கம். பெயர் கூப்பிட்டால் வந்தேன் என்பதோடு, அந்த வாரம் என்ன செத்தது, எப்படிச் செத்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். வரிசையில் ஒரு சீனர் இருந்தார், தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவராம். "ரெண்டு வாழை, மண்டோர். நத்தை தின்னுச்சு லா" என்றார், அங்கே எல்லாரும் பேச்சின் கடைசியில் போடும் லாவோடு. எதிர் வரிசை சிரித்தது, பிறகு நத்தைக்கு என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தது. மண்டோர் என் பக்கம் திரும்பி, "செத்ததை மறைச்சா அடுத்தவன் காட்டுலயும் அதே சாவும்ங்க, ஐயா. அதான் இந்த ஏற்பாடு" என்றார்.

எனக்கு ஓய்வுபெற்றவர்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் நின்றார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் இருபது நிமிஷம் பேசினேன். "தண்ணி ஓடக்கூடாது, நிக்கணும். நிக்கிற தண்ணிதான் வெள்ளாமை" என்று முடித்தபோது வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்றவர்களில் ஒருத்தரும் தட்டவில்லை. முதுமை, கை வலிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சரவணனின் நிலத்தைப் பார்த்தேன். இடுப்பு உயரப் பப்பாளி, நல்ல பச்சை, சிலதில் மொட்டு. ஒவ்வொரு வரிசைக்கும் இடையே முழங்கால் ஆழத்துக்குக் கான், அதாவது வடிகால், வெட்டி, எல்லாவற்றையும் கீழே இருந்த ஓடையில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். காலையில் பெய்த மழைத்தண்ணீர் அதில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊரில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம், இங்கே தங்கத்தை ஓடையில் விடுகிறார்களே பாவிகள்!

"இது யார் செஞ்ச வேலைடா?"

"அஞ்சலைக்கா பாத்துச் சொன்னாங்க மாமா. பெரட்டுல நின்னாங்களே, தொப்பி போட்டுக்கிட்டு."

"அடைச்சிரு" என்றேன்.

சரவணன் கவிதாவைப் பார்த்தான். கவிதா மெதுவாக, "மாமா, பாதி வரிசைக்கு மட்டும் செஞ்சு பாப்போமா?" என்றாள். எவ்வளவு புத்தியுள்ள கேள்வி! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாதிப் பிள்ளைக்குச் சோறு, பாதிப் பிள்ளைக்குப் பட்டினியாம்மா?" அவள் மண்வெட்டி எடுக்கப் போனாள். ஊரிலிருந்து வந்த பெரிய மனிதர், மாமியாரின் அண்ணன், எப்படி எதிர்த்துப் பேசுவாள்? மூன்று நாள் வேலை செய்தோம். அங்கே மண்வெட்டிக்கு சங்குல் என்று பெயர். கான் கரையில் கிடந்த மண்ணையே அள்ளிக் கானை அடைத்து, ஒவ்வொரு பப்பாளிக்கும் வட்டப் பாத்தி கட்டினோம். முட்டி வலியையும் மறந்து நானே முப்பது பாத்தி கட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து வெகுநாள் ஆகியிருந்தது.

புதன்கிழமை மாலை ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அஞ்சலை. அறுபத்தெட்டு வயது, சாரோங்குக்கு மேல் முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், முதுகில் கட்டிய சங்குல். வண்டியிலிருந்து இறங்காமலே பாத்திகளைப் பார்த்தார். பிறகு இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இங்க தண்ணி நிக்கக்கூடாதுங்க. செடியோட காலு அழுகிடும்."

"பெய்யற தண்ணியை ஓட விடுறது பாவம்மா."

"ஒரு நல்ல மழை வரட்டும், பாருங்க லா" என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினார்.

அவர் தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. ரப்பர்த் தோட்டம் என்றால் மரம் சீவிப் பால் எடுப்பதுதானே. அவர் வண்டியை உதைக்கக் காலைத் தூக்கியதும், சத்தத்தில் கேட்காது என்ற தைரியத்தில் சரவணனிடம் சொன்னேன்: "மரம் சீவினவங்களுக்கு வெள்ளாமையைப் பத்தி என்னடா தெரியும்?"

வண்டி கிளம்பவில்லை. என் வார்த்தை அந்த அமைதியில் தெளிவாகப் போய் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது உதை, மூன்றாவது உதை. நாலாவதில் கிளம்பியது. அந்த மூன்று உதையும் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

வியாழக்கிழமை, வேலை முடிந்த சந்தோஷத்தில் என்னைக் கடல் பார்க்கக் கூட்டிப் போனார்கள், சி ரூசா கடற்கரைச் சாலைக்கு. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுக்கிறார்கள். வாழைக்காய் பஜ்ஜி போடப் போய்க் காய் பழுத்துவிட்டது போல இருக்கிறது, ஆனால் விடமுடியவில்லை. நாலாவதைக் கடிக்கும்போது மழை பிடித்தது. மழை என்று அதைச் சொல்லக்கூடாது. எங்கள் ஊரில் ஒரு வருஷம் பெய்வதை அரை நாளில் கொட்டுகிறது. கடல் தெரியவில்லை, சாலை தெரியவில்லை, பக்கத்தில் இருந்த கவிதாவின் குரல் கேட்கவில்லை.

"நல்ல மழைடா! நம்ம பாத்தியெல்லாம் நெறஞ்சிருக்கும்!" என்று கத்தினேன். சரவணன் செல்போனில் மேகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் பள்ளத்துத் தண்ணீரில் வேன் இறங்கி, இருமி, நின்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒரு மலாய்ப் பெரியவர் குடையை வீசிவிட்டு வந்து எங்களோடு சேர்ந்து தள்ளினார். தள்ளிக்கொண்டே ஏதோ சொன்னார். கவிதா தமிழில் சொன்னாள்: "வண்டிக்கு ஒன்னும் இல்லையாம் மாமா. அளவுக்கு மேல தண்ணி குடிச்சிருச்சாம். காஞ்சாதான் மூச்சு வருமாம்." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கவிதாவின் சிநேகிதி வீட்டில் தங்கினோம். மழை விடவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம்தான் வேன் கிளம்பியது. நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, நூற்று ஐம்பது பாத்தியும் நூற்று ஐம்பது குட்டிக் குளமாக நிரம்பி மின்னியது. ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் இலைகளைப் பார்த்தேன். நனைந்த துணி மாதிரி எல்லாம் கீழே தொங்கின. கீழ்க்கோடியில் யாரோ குனிந்து வெட்டுவது தெரிந்தது. அஞ்சலை. யாரும் கூப்பிடவில்லை. காலையிலிருந்து தனியாளாக மூன்று கானைத் திறந்துவிட்டிருந்தார்.

சரவணனும் கவிதாவும் ஓடினார்கள். நானும் ஒரு சங்குலை எடுத்துக்கொண்டு போனேன். நாலாவது எட்டில் வழுக்கி, வேட்டியோடு நான் கட்டிய பாத்திக்குள்ளேயே உட்கார்ந்தேன். அஞ்சலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, மேட்டுல நில்லுங்க. வழுக்கும்."

திட்டியிருந்தால் எழுந்து சண்டை போட்டிருப்பேன். மேட்டில் போய் நின்றேன். மூன்று பேர் சேற்றில் வெட்டுவதை, நாற்பது வருஷ விவசாயி நான் வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமைப் பெரட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். கவிதா கஞ்சி கொண்டுவந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்திருக்கும். "ஆமா மாமா, லேசா சுடுது. படுத்துக்குங்க" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் முழுக்கப் பப்பாளி செத்தது. முதலில் இலை மஞ்சளாகும், பிறகு காம்போடு விழும், கடைசியில் வெறும் தண்டு நிற்கும். சரவணன் ஒன்றைப் பிடித்து இழுத்தான். வேர் குழைந்து கையோடு வந்தது, சாக்கடை நாற்றம் அடித்தது. மேட்டில் இருந்தவை மட்டும் பிழைத்தன. எண்ணிப் பார்த்தான், செத்தது எண்பத்து மூன்று. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாக்கியம் போன் செய்தாள். "எப்படிண்ணே இருக்கு தோட்டம்?" "நல்லா இருக்கு" என்றேன். சரவணன் என் எதிரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவே இல்லை. அன்று மாலை அடுப்படியில் அவன் கவிதாவிடம் கேட்பது காதில் விழுந்தது: "பழைய மேனேஜருக்கு ஒரு வார்த்தை போட்டு வைக்கவா? அம்மாகிட்ட சொன்ன சொல்லு இருக்கே." பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை, நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள். அன்று பெரட்டுக்குப் போகாமல் இருக்கக் காரணம் அகப்படவில்லை. அதே நாற்காலியைப் போட்டிருந்தார்கள். கையில் கோப்பி கொடுத்தார்கள்.

"சரவணன்!"

"வந்தேங்க, மண்டோர்."

"என்னா செத்துச்சு?"

"எண்பத்து மூணு பப்பாளி."

வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். மண்டோர் நோட்டைத் தாழ்த்தினார். "எப்படிரா?"

"மழை ஜாஸ்திங்க. கானைச் சரியாப் பாக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

மண்டோர் அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை தன் பூட்ஸைப் பார்த்தார். அடுத்து மண்டோர் சரவணனைப் பிடித்துக்கொண்டார். "நாலு மாசமா படிச்சுப் படிச்சு சொன்னாங்களேடா! கழுதைக்குச் சொல்லியிருந்தாக்கூட கானை மிதிக்காம நடந்திருக்குமே! புத்தி எங்கடா போச்சு?" சரவணன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். என் தங்கை மகன். அவனுடைய புத்தி நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தது.

மண்டோர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதற்கடுத்த பெயரையும் கூப்பிட்டார். என்னால் முடியவில்லை. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, திடலைக் குறுக்கே கடந்து, சரவணன் நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அந்தச் சீனர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார்.

"ஐயா, நாற்காலி இங்க இருக்குங்க" என்றார் மண்டோர்.

"என் பேரைக் கூப்பிடுங்க."

அவர் நோட்டில் என் பேரை எழுதினார். "ராமசாமி!"

"வந்தேங்க, மண்டோர்."

"என்னா செத்துச்சு?"

"அதே எண்பத்து மூணு பப்பாளி. கானை அடைச்சது நான். பாத்தி கட்டச் சொன்னது நான். அந்த அம்மா வேண்டாம்னாங்க, கேக்கலை. எனக்குப் பப்பாளி தெரியாது. போன வாரம் காய்ச்சலும் இல்லை."

சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது, வண்டி கிளம்பாதபோது நான் சொன்ன அந்த வார்த்தை. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. மண்டோர் என்னைத் திட்டவில்லை. "எழுதிக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

வேனுக்குப் போகும்முன், சரவணன் பக்கத்தில் நிற்கும்போதே பாக்கியத்துக்குப் போன் செய்தேன். "உன் பையன் தோட்டத்தைக் கெடுத்தது நான்தான், பாக்கியம். அவனுக்கு வேலை தெரியலைன்னு நெனைக்காதே. அவன் குடுத்த வாக்குல இந்தத் தடவை சேராது. இன்னொரு காய்ப்புக்கு அவனை விட்டுரு." "நீயாண்ணே?" என்றாள். பிறகு மகனிடம் கொடுக்கச் சொன்னாள். அவன் பேசிவிட்டு வந்து, "அடுத்த காய்ப்பு வரைக்கும் சரின்னுட்டாங்க மாமா" என்றான். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலைவரை மூடிய கான்களை வெட்டினோம். நானும் இறங்கினேன், இந்தத் தடவை சரவணனின் கால்சட்டையில். அஞ்சலை கரையில் நடந்தபடி பார்த்துக்கொண்டு வந்தார். நான் வெட்டிய கானில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். பாதி வழியில் நின்றுவிட்டது.

"நிக்குது பாருங்க ஐயா. அந்த எடத்துல ஒரு வெரக்கடை மேடு இருக்கு. எடுத்துருங்க."

எடுத்தேன். தண்ணீர் நகர்ந்து, திரும்பி, ஓடையில் போய் விழுந்தது. மட்டக்கோலும் இல்லை, நூலும் இல்லை, வெறும் கண்.

"எப்படிம்மா கண்ணாலேயே தெரியுது உங்களுக்கு?" என்று கேட்டேன். அங்கே போன இரண்டு வாரத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவர் சங்குலைக் கழுவி முதுகில் கட்டிக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பிறகுதான் பதில் சொன்னார், கோபம் துளிகூட இல்லாமல்.

"நா மரம் சீவுனதில்லைங்க ஐயா. தோட்டத்துல முப்பத்தோரு வருசம் கான்தான் வெட்டுனேன்."

"அம்மா, அன்னைக்கு நான் பேசினது…" என்று கானுக்குள் இருந்தபடியே ஆரம்பித்தேன். அவர் காலைத் தூக்கி உதைத்தார். அன்றைக்கென்று பார்த்து வண்டி முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. மன்னிச்சிருங்க என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ, என்னவோ.